தாம்பரத்தைத் தாண்டி வீடு: வண்டி, தண்ணீர், பத்திரம், பிறகுதான் விலை

இருவருக்கும் வேலை, கையில் இரண்டு வயதுக் குழந்தை, அடுத்த வருடம் பிரிகேஜி. சென்னை நகருக்குள் இரண்டு படுக்கையறை வீடு எட்டாத விலையில் நிற்கிறது. அப்போது கண் போகும் ஊர்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். தெற்கே ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கபெருமாள் கோவில். மேற்கே ஆவடியைத் தாண்டி திருநின்றவூர், திருவள்ளூர். வடக்கே மீஞ்சூர், பொன்னேரி.

வீட்டுக் கடனுக்காகச் சொத்தை நேரில் போய்ப் பார்த்து மதிப்பிடுவது எங்கள் தொழில். வாங்குபவர்கள் சதுர அடி விலையை ஊருக்கு ஊர் கச்சிதமாக ஒப்பிட்டு வைத்திருப்பார்கள். மற்றதைக் கேட்டால் புரோக்கர் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்வார்கள். எங்களைக் கேட்டால், விலை நான்காவதாகப் பார்க்க வேண்டியது. முதலில் வண்டி, அடுத்து தண்ணீர், அதற்கும் அடுத்து பத்திரம்.

வண்டி

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர், செங்கல்பட்டு 60. வரைபடத்தில் பார்த்தால் கூடுவாஞ்சேரி தாம்பரத்தை ஒட்டிய ஊர்தான். ஆனால் கடற்கரையில் கிளம்பும் மின்சார ரயில்களில் கணிசமானவை தாம்பரத்தோடு நின்றுவிடும். அதைத் தாண்டினால் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் உள்ள இடைவெளி நீளும். மேற்கு வழியில் ஆவடி, பட்டாபிராம், திருவள்ளூர் என்று இதே கதை. வடக்கு வழியில் சிக்கல் வேறு. அத்திப்பட்டுக்கு மேல் இரண்டே பாதை. ஆந்திரா பக்கம் போகும் விரைவு ரயிலும் சரக்கு ரயிலும் அதில்தான் ஓடும். அவற்றுக்கு வழிவிட்டு லோக்கல் காத்து நிற்பது அங்கே அன்றாட நிகழ்ச்சி.

ஆகவே கிலோமீட்டரை மறந்துவிட்டுக் கால அட்டவணையை எடுங்கள். நீங்கள் பார்க்கும் நிலையத்தில் காலை 7 முதல் 9 மணிக்குள் எத்தனை வண்டி, இரவு 9 மணிக்கு மேல் திரும்பி வர எத்தனை வண்டி என்று எண்ணுங்கள். ஞாயிறு அட்டவணை தனி, அதையும் பாருங்கள். ஷிப்ட் வேலை, மருத்துவமனை வேலை என்றால் உங்களுக்கு அதுதான் முக்கியம். பராமரிப்புப் பணிக்காக வண்டிகளை ரத்து செய்யும் நாட்களும் உண்டு. அந்த நாளில் பேருந்து வழி என்ன என்பதற்கும் விடை இருக்க வேண்டும்.

வீட்டு வாசலிலிருந்து அலுவலக மேசை வரையிலான நேரம்தான் உண்மையான தூரம். கூடுவாஞ்சேரி நிலையத்திலிருந்து 3 கிலோமீட்டர் உள்ளே வீடு, கிண்டியில் வேலை என்று வைத்துக்கொள்வோம். ரயிலுக்குள் இருப்பது 50 நிமிடம்போல. பைக்கில் நிலையம் வர 12, நிறுத்திவிட்டு நடைமேடைக்குப் போக 7, காத்திருப்பு 10, கிண்டியில் இறங்கி அலுவலகம் போக 15. கூட்டினால் 94 நிமிடம். விளம்பரத்தில் "கிண்டி 50 நிமிடம்" என்று போட்டால் பொய் இல்லை, ஆனால் உங்கள் வாழ்க்கையில் அது ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். அதே ஊரில் நிலையத்துக்கு 800 மீட்டரில் இருக்கும் பழைய வீடு சதுர அடிக்கு 500 ரூபாய் கூடுதல் என்றாலும் கணக்கில் அது மலிவாகிவிடும். ஒரு இரண்டு சக்கர வாகனமும் அதன் பெட்ரோலும் மிச்சம், வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா என்ற கவலையும் இல்லை.

இன்னொன்று, எந்தப் பக்கம் என்பது. தெற்கே ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையும் நெடுந்தூரம் அருகருகே ஓடுகின்றன. வீடு இரண்டையும் தாண்டி மறுபக்கம் என்றால் கடக்கும் வழி மேம்பாலமா, சுரங்கப்பாதையா, ரயில்வே கேட்டா? சுரங்கப்பாதையில் மழைக்குத் தண்ணீர் நிற்குமா? தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு அகலமான அந்தச் சாலையை ஒருமுறை மாலை 6 மணிக்குக் கடந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். அதே சாலையில் உள்ள கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறந்ததிலிருந்து தென்மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்து கிளம்புகின்றன. சொந்த ஊர் போய்வர அது பெரிய வசதி. தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய மாலைகளில் அதே சாலையில் வீடு திரும்புவது கடினம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

புறநகர் ரயில் நகர மையத்தை நோக்கி ஓடுவது. சிறுசேரியில் வேலை பார்ப்பவருக்குக் கூடுவாஞ்சேரி ரயிலால் பயனில்லை, அவருக்கு வண்டலூர் - கேளம்பாக்கம் சாலைதான் வழி. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள் என்றால் சிங்கபெருமாள் கோவில் பொருந்தும். அம்பத்தூர் என்றால் மேற்கு வழி. கணவனுக்கு ஒரு திசை, மனைவிக்கு ஒரு திசை என்றால் நடுவில் ஊர் தேடுவது வழக்கம். எங்கள் கருத்து வேறு: மாலையில் குழந்தையைக் காப்பகத்திலிருந்து அழைத்து வருபவர் யாரோ, அவர் வேலைக்கு அருகில் வீடு அமையட்டும். காப்பகம் 6:30-க்கு மூடுகிறது, வண்டி 20 நிமிடம் தாமதம் என்றால் ஓட வேண்டியவர் அவர்தான்.

செலவு விஷயத்தில் ரயிலுக்கு நிகர் இல்லை. இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். 2025 ஏப்ரலில் கடற்கரை - செங்கல்பட்டு வழியில் வந்த ஏசி ரயில் சொகுசுதான், ஆனால் குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய். தினமும் இரு வேளை அதில் போவதானால் அதை மாதச் செலவில் தனி வரியாக எழுதுங்கள். மாநகரப் பேருந்தின் மாதப் பாஸ் 1,000 ரூபாய், ஏசி பேருந்தும் சேர்ந்தால் 2,000. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்பதால் நிலையம் வரை அந்தப் பேருந்து ஓடும் தடத்தில் வீடு அமைந்தால் வீட்டுச் செலவில் நன்றாகவே தெரியும். வரப்போகும் மெட்ரோவுக்காக இன்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள். ஓடுகிற வண்டிக்கு மட்டும் விலை கொடுங்கள்.

தண்ணீர்

இரண்டு கேள்வி: மழையில் எவ்வளவு வரும், கோடையில் எவ்வளவு இருக்கும்.

அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் மூழ்கின. இந்தப் பெயர்கள் செய்தியில் வந்ததால் எல்லோருக்கும் தெரியும். பெயர் வராத தெருக்களை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்கள் ஏரிகள் நிறைந்தவை. ஓர் ஏரியின் உபரி நீர் கலங்கல் வழியாக வாய்க்காலில் இறங்கி அடுத்த ஏரிக்குப் போகும் அமைப்பு அங்கே. வாய்க்காலை மனையாக்கிவிட்டால் தண்ணீர் மனை வழியாகப் போகும்.

போகும்போது தெருவை உற்றுப் பாருங்கள். பழைய காம்பவுண்டுச் சுவர்களில் இடுப்பளவில் ஒரே மட்டமாக ஓடும் பழுப்புக் கோடு. புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரின் அடியில் மட்டும் உரிந்து நிற்கும் பூச்சு. தரையில் இருக்க வேண்டிய மோட்டார் மூன்றடி மேடைமேல் ஏறியிருப்பது. மின் மீட்டர் பெட்டியை நெஞ்சு உயரத்துக்கு மாற்றிய பழைய துளைகள். வாசலில் முழங்கால் உயரத்துக்குக் கட்டிய தடுப்பு. இவற்றில் இரண்டு தெரிந்தாலே அந்தத் தெரு நனைந்த தெரு. சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுப் போட்டு, பத்து வருட வீடு சாலைக்குக் கீழே போயிருப்பதும் சகஜம். புது வீட்டின் தரைமட்டம் சாலையைவிடக் குறைந்தது மூன்றடியாவது மேலே இருக்கிறதா என்று டேப் பிடித்துப் பாருங்கள். தெருமுனை மளிகைக் கடையில் "2015-லயும் மிக்ஜாமிலயும் கரண்ட் எத்தனை நாள் இல்லை?" என்று கேளுங்கள். "தண்ணி வந்துச்சா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள், அவர்கள் வீட்டு விலையும் அதில் இருக்கிறது. கரண்ட் கேள்விக்கு உண்மை வரும்.

கோடைக்கு வருவோம். மாநகராட்சி எல்லையைத் தாண்டிய பெரும்பாலான தெருக்களில் அன்றாடப் புழக்கத்துக்கு போர்வெல்தான். மே மாதத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கழுவிய பாட்டிலில் இரண்டு லிட்டர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலோ தனியார் ஆய்வகத்திலோ சேர்க்கலாம். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியில்லாதபோது 2,000 வரை என்கிறது இந்தியத் தரநிலை. கடினத்தன்மைக்கு இதேபோல் 200, 600. இதைத் தாண்டினால் ஹீட்டர், வாஷிங் மெஷின், குழாய் எல்லாமே சீக்கிரம் கெடும். மீஞ்சூர் பகுதியில் நிலத்தடி நீரை அதிகம் உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்தது பல பத்தாண்டுகளாக அறிந்த விஷயம். அங்கே அடுத்த தெருவின் நல்ல தண்ணீரை நம்பி வாங்கக் கூடாது, வாங்கப்போகும் வீட்டு போர்வெல்லின் தண்ணீரையே சோதிக்க வேண்டும்.

கழிவுநீரையும் கேளுங்கள். பாதாளச் சாக்கடை இல்லையென்றால் செப்டிக் டேங்க், அதை எடுக்க லாரி. அடுக்குமாடியில் மழைக்காலத்தில் டேங்க் சீக்கிரம் நிரம்பும், லாரி கட்டணம் பராமரிப்புத் தொகையில் ஏறும். நகரம்போல் வளர்ந்தும் ஊராட்சியாகவே நீடிக்கும் இடங்களில் குப்பை, தெருவிளக்கு, வடிகால் எல்லாம் ஆள் தொகைக்குப் பின்தங்கியே இருக்கும்.

குழந்தை இருக்கும் வீட்டுக்கு இன்னும் இரண்டு: ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே (புதன்கிழமை தடுப்பூசி இலவசம்), இரவில் குழந்தைகள் மருத்துவர் இருக்கும் மருத்துவமனை எவ்வளவு தூரம். செங்கல்பட்டிலும் திருவள்ளூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது அந்த வழிகளுக்குப் பலம்.

பத்திரம்

சொத்தின் மேல் நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 வருடத்துக்குப் போடுங்கள், பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். அதில் வரும் ஒவ்வொரு விற்பனையும் உங்களிடம் காட்டும் தாய்ப் பத்திரங்களோடு சங்கிலி அறுபடாமல் பொருந்த வேண்டும். பட்டாவும், சர்வே எண் வாரியாக நிலத்தின் வகையைச் சொல்லும் ஆ பதிவேடும், புல வரைபடமும் வருவாய்த்துறையின் இணையச் சேவையில் எடுக்கலாம். ஆ பதிவேட்டில் அந்தச் சர்வே எண் ஏரி, குளம், வாய்க்கால், மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்), அனாதீனம் (உரிமையாளர் இல்லாத நிலம்) என்று இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பக்கத்து எண்களையும் எடுத்துப் பாருங்கள். உங்கள் மனை சுத்தமாக இருந்து, அதற்குப் போகும் பாதை வாய்க்கால் புறம்போக்கில் இருந்தால் அதுவும் வில்லங்கம்தான்.

மனை என்றால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் வேண்டும். ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட பழைய "அப்ரூவல்" அங்கீகாரம் ஆகாது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்பனையாகிப் பதிவான அங்கீகாரமில்லா மனைகளை முறைப்படுத்த வரன்முறைத் திட்டம் உண்டு, அந்த ஆணையின் நகலைக் கேளுங்கள். அங்கீகரித்த மனைப்பிரிவில் சாலையைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுத்திருக்க வேண்டும், பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் என்றால் பத்து சதவீதப் பொது இடத்தையும். அந்தத் தானப் பத்திரம் இல்லாவிட்டால் நாளை ஊராட்சி அந்தத் தெருவுக்கு விளக்குப் போடாது.

அடுக்குமாடியில் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடு என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம். பதிவு எண்ணை ஆணையத்தின் தளத்தில் போட்டு, முடிக்கும் தேதியையும் அங்கீகரித்த வரைபடத்தையும் பாருங்கள். விளம்பரத்தில் வரும் 1,000 சதுர அடிக்கும் நீங்கள் கால் வைத்து நடக்கும் கார்ப்பெட் ஏரியாவுக்கும் 250, 300 அடி வித்தியாசம் வரும். நிலத்தில் உங்களுக்கு வரும் பங்கான பிரிபடாத பாகத்தையும் கணக்குப் போடுங்கள். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடியில், ஒரே அளவில் நான்கு வீடு என்றால் உங்கள் பங்கு 600. பத்திரத்தில் 450 என்று எழுதியிருந்தால் மிச்சம் யாரிடம் என்று கேட்க வேண்டும். வங்கி கடன் தருகிறது என்பதை இதற்கெல்லாம் உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் அறிக்கையும் வங்கியின் பணத்தைக் காப்பதற்கு எழுதுவதுதான்.

விலை

40 லட்சம் ரூபாய்க்குப் புது அடுக்குமாடி வீடு. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு மதிப்பில் அதிகபட்சம் 80 சதவீதம், ஆக 32 லட்சம். கைப்பணம் 8 லட்சம். முதல் விற்பனையில் 50 லட்சம் வரையிலான அடுக்குமாடி வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2 சதவீதம்: 2.4 லட்சம். இதுவே மறுவிற்பனை வீடோ மனையோ என்றால் 7 + 2, அதாவது 3.6 லட்சம். கட்டி முடிக்காத வீட்டுக்கு ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதம். பரப்பளவு வரம்புக்குள் 45 லட்சத்தைத் தாண்டாத வீட்டுக்கு 1 சதவீதம். கட்டி முடித்ததற்கான முடிவுச் சான்று வந்தபின் வாங்கினால் இந்த வரி இல்லை. மின் இணைப்பு, கார் நிறுத்தம், மர வேலை தனி. ஆக 8 லட்சம் கையில் வைத்துக்கொண்டு இறங்கியவர் 13 லட்சத்தில் நிற்பார், மிச்சத்துக்குத் தனிநபர் கடன் வாங்குவார். கோப்புகளில் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு இது.

தவணை, 8.5 சதவீதத்தில் 20 வருடத்துக்கு, லட்சத்துக்கு 868 ரூபாய். 32 லட்சத்துக்கு மாதம் ஏறக்குறைய 27,800. 1,000 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடிக்கு 3 ரூபாய் பராமரிப்பு என்றால் இன்னும் 3,000. காப்பகம், பயணம், கோடையில் லாரித் தண்ணீர் இவற்றைச் சேர்த்த தொகையை ஒருவர் சம்பளத்தில் ஒரு வருடம் சமாளிக்க முடியுமா என்று பாருங்கள். இரண்டாவது குழந்தை, வேலை மாற்றம், வீட்டில் பெரியவருக்கு அறுவை சிகிச்சை என்று இந்த வயதில் ஒரு சம்பளம் நிற்கும் காலம் ஒன்று வரத்தான் செய்யும்.

சந்தேகம் இருந்தால் அதே ஊரில், முடிந்தால் அதே தெருவில், 11 மாதம் வாடகைக்குப் போங்கள். தவணை 27,800 வரும் வீட்டுக்குப் பெரும்பாலும் அதில் பாதிதான் வாடகை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாவிட்டால், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. கேட்பவர்கள் கேட்கிறார்கள், சட்டத்தைச் சொல்லிப் பேசிக் குறைக்கலாம். ஜூனில் பள்ளி திறக்கும்போது குடி போனால் நவம்பர் மழையும் ஏப்ரல் போர்வெல் தண்ணீரும் அந்தப் பதினொரு மாதத்துக்குள் வந்துவிடும். அதற்குள் அக்கம்பக்கத்தில் விற்பனைக்கு வரும் வீடுகளின் உண்மையான விலையும் உங்களுக்குப் புரோக்கர் இல்லாமலே தெரிந்திருக்கும்.