காமிக்ஸ்: சித்திரக்கதையா, படக்கதையா?

கிரேக்கத்தில் ‘கோமோஸ்’ என்றால் ஆடிப்பாடிக் களிக்கும் கொண்டாட்டம். அதையொட்டிப் பிறந்த ‘கோமிகோஸ்’ லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘காமிக்’ ஆனது. சிரிப்பூட்டுவது என்று பொருள். பத்திரிகைகளில் முதலில் வந்த தொடர்படங்கள் பெரும்பாலும் சிரிப்புக்காகவே வந்தவை என்பதால் அவற்றுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னாளில் துப்பறியும் கதையும் போர்க்கதையும் அதே வடிவில் வந்தன. பெயர் மட்டும் மாறவில்லை. ஆகவே காமிக்ஸ் என்பது இன்று ஒரு வடிவத்தின் பெயர்.

விலங்குகள் மனிதரைப் போலப் பேசி, சட்டை போட்டு, சண்டையிட்டுச் சிரிக்கவைக்கும் வகைக்கு அமெரிக்காவில் ‘ஃபன்னி அனிமல்’ என்று தனிப்பெயர் உண்டு. மிக்கி மவுஸ் 1930 ஜனவரியில் நாளிதழ்த் தொடராக வந்தது. ஓவியர் கார்ல் பார்க்ஸ் 1947இல் படைத்த கஞ்ச வாத்து அங்கிள் ஸ்க்ரூஜ் இந்த வகையின் உச்சம். நீதிக்கதை விலங்கு கடைசியில் ஒரு பாடம் சொல்லியாக வேண்டும். இந்த விலங்குகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

தமிழில் காமிக்ஸுக்குப் பொருத்தமான சொல் ‘சித்திரக்கதை’. ‘படக்கதை’ என்றும் சொல்கிறார்கள். ஆனால் பக்கத்துக்கு ஒரு படம் போட்டுக் கீழே நாலு வரி எழுதிய குழந்தைப் புத்தகமும் படக்கதைதான். அதனால் குழப்பம் வரும். ‘வரைகதை’ அழகான வினைத்தொகை. ஆனால் நாவல்போல நீண்ட சித்திரக்கதையான கிராஃபிக் நாவலுக்கும் அதையே பலர் வைத்துக்கொள்கிறார்கள். ‘கேலிச்சித்திரம்’ இங்கே தவறு. அது ஒற்றைப் படத்தில் முடிகிற கார்ட்டூனுக்கு உரியது. ‘ஃபன்னி அனிமல்’ வகையை ‘விலங்குச் சித்திரக்கதை’ எனலாம்.

வாண்டுமாமா ஆசிரியராக இருந்த ‘பூந்தளிர்’ சிறுவர் இதழில் வந்த கபீஷ் என்ற குரங்கு தமிழ்ப் பிள்ளைகள் நன்கு அறிந்த உதாரணம். ‘கபி’ வடமொழியில் குரங்கு; கபீசன் என்றால் குரங்குகளின் தலைவன். நினைத்த அளவுக்கு நீளும் வால்தான் கபீஷின் பலம்.

உறுப்புகளுக்கும் தமிழ்ச்சொல் இருக்கிறது. ஒவ்வொரு படமும் ஒரு ‘கட்டம்’. வசனம் இருப்பது ‘பேச்சுக்குமிழ்’. அதிலிருந்து பேசுபவரின் வாயை நோக்கி இறங்கும் கூர்முனை ‘குமிழ் வால்’. முதலில் பேசுபவரை இடப்பக்கம் நிறுத்த வேண்டும். மாற்றி நிறுத்தினால் பதில் முந்திக்கொண்டு கேள்வி பிந்திவிடும். வால் நீண்ட விலங்குகள் உள்ள கட்டத்தில் குமிழ் வால் நிஜ வாலின் மேல் விழுந்தால் யார் பேசுகிறார்கள் என்றே தெரியாது.

மொழிபெயர்ப்பில் அடிக்கடி சறுக்கும் இடமும் குமிழ்தான். ஆங்கிலத்தில் மூன்று எழுத்தில் முடிகிற சொல் தமிழில் பெரும்பாலும் நீண்டுவிடும். குமிழின் அளவோ ஏற்கெனவே வரையப்பட்டது. எழுத்தைச் சுருக்கினால் பிள்ளைகளால் படிக்க முடியாது. ‘நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்?’ என்பதை ‘என்னடா பண்றே?’ என்று பேச்சுத்தமிழாக்கினால் இடமும் மிச்சம், குரலும் வரும். புதிதாக வரைபவர்கள் வசனத்தை முதலில் எழுதிவிட்டு, அதைச் சுற்றிக் குமிழ் போடுவது நல்லது.

ஒலிச்சொற்களுக்கு மட்டும் மொழிபெயர்ப்பே வேண்டாம். யானை குளத்தில் குதித்தால் ‘தொபுக்கடீர்’, பானை உடைந்தால் ‘மடார்’, தண்ணீர் தெறித்தால் ‘சளார்’. இவற்றைக் குமிழுக்குள் அடைக்காமல், விழுந்த இடத்திலேயே பெரிதாக, கோணலாக எழுத வேண்டும்.