ரிடாக்‌ஷன்: அந்தக் கறுப்புப் பட்டைக்குத் தமிழில் என்ன பெயர்?

ஓர் அரசு ஆவணத்தைக் கேட்டவரிடம் கொடுப்பதற்கு முன், சட்டம் காக்கச் சொல்லும் விவரங்களை மட்டும் படிக்க முடியாமல் செய்துவிட்டு மீதியைக் கொடுப்பதுதான் ரிடாக்‌ஷன். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் கோப்பின் நகலைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. தேதி இருக்கும், ஊர் இருக்கும், வாக்குமூலத்தில் பாதி இருக்கும். தகவல் சொன்னவரின் பெயர் வரவேண்டிய இடத்தில் கறுப்புப் பட்டை. அதன் ஓரத்தில் ‘பி7டி’ என்றொரு குறி: அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தில், ரகசியமாகத் தகவல் தந்தவரைக் காக்கும் விலக்கு. ‘பி7சி’ என்றால் தனியுரிமை. ‘பி7எஃப்’ என்றால் யாரோ ஒருவர் உயிருக்கு ஆபத்து.

சொல்லின் வேர் லத்தீன். ‘ரெடிகெரே’ என்றால் திருப்பிக் கொண்டுவருதல், ஒழுங்குக்குக் கொண்டுவருதல். ஆக, மூலப்பொருள் பதிப்பித்தல்தான். ஜெர்மன் மொழியில் ‘ரெடாக்சியோன்’ என்றால் இன்றைக்கும் பத்திரிகையின் ஆசிரியர் குழு. மறைத்தல் என்ற பொருள் ஆங்கிலத்தில் 20ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது. அதனால் வேரைப் பார்த்து ‘திருத்தம்’ என்று தமிழாக்கினால் தவறாகிவிடும். இதில் ஓர் எழுத்தும் திருத்தப்படுவதில்லை.

‘தணிக்கை’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். அரசுக் கோப்புகளில் தணிக்கை என்றால் கணக்குத் தணிக்கை. ‘தணிக்கை செய்த அறிக்கை’ என்று எழுதினால் படிப்பவர் எதை நினைப்பார்? தவிர, திரைப்படத் தணிக்கையில் வெட்டிய இடம் தெரியாது. ரிடாக்‌ஷனில் தெரிந்தாக வேண்டும். அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டம் 1966இல் வந்தது. மறைக்க வேண்டியதைப் பிரித்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்ற விதி 1974 திருத்தத்தில் சேர்ந்தது. எவ்வளவு மறைக்கப்பட்டது என்று காட்ட வேண்டும் என்றது 1996 திருத்தம். எந்த விலக்கின் கீழ் என்பதையும் அங்கேயே குறிக்க வேண்டும் என்றது 2007 திருத்தம். இந்தியத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவிலும், விலக்குள்ள பகுதியைப் பிரித்துவிட்டு மற்றதைத் தரும் ஏற்பாடு இருக்கிறது.

‘நீக்கம்’ என்பதும் சரியில்லை. மறைப்பதெல்லாம் நகலில்தான், மூலத்தில் எல்லாம் அப்படியே இருக்கிறது. ‘மை பூசுதல்’ பேச்சுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் கருவியைச் சொல்கிறதே தவிர வேலையைச் சொல்லவில்லை. 2019 ஜனவரியில், டிரம்பின் முன்னாள் தேர்தல் பிரசார மேலாளர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பி.டி.எஃப். ஆவணத்தில் கறுப்புப் பட்டை இருந்தது. அதன்மேல் காப்பி-பேஸ்ட் செய்தால் அடியிலிருந்த வரிகள் அப்படியே வந்தன. மை இருந்தது, மறைப்பு இல்லை.

எனவே ‘பகுதி மறைப்பு’ என்பதே என் தேர்வு. வினையாக ‘மறைத்துத் தருதல்’. ‘இந்த அறிக்கையைப் பகுதி மறைப்புடன் கொடுத்திருக்கிறார்கள்’ என்று எழுதலாம். மறைத்தார்கள், ஆனால் கொடுத்தார்கள் என்ற இரண்டும் அதில் வந்துவிடுகின்றன. பக்கம் முழுக்கக் கறுப்பாக இருந்தால் அதை ‘முழு மறைப்பு’ என்றே எழுத வேண்டும். அதற்கும் பகுதி மறைப்பு என்று பெயர் சூட்டினால் கேட்டவரை ஏமாற்றுவதாகும்.

அமெரிக்காவில் உள்ளூர் போலீஸ் கோப்புகளுக்குக் கூட்டாட்சிச் சட்டமான தகவல் சுதந்திரச் சட்டம் செல்லாது. மாநிலத்துக்கு மாநிலம் தனிச் சட்டம். டெக்சாஸில் விசாரணை நடக்கிறது என்று சொல்லி பலவற்றை மறைக்கலாம், ஆனால் கைதானவர், கைது, குற்றம் பற்றிய அடிப்படைத் தகவலை அந்தக் காரணத்தால் மறைக்க முடியாது. கூட்டாட்சித் துறைகள் மறைத்தது நியாயமில்லை என்று கேட்டவருக்குப் பட்டால் மேல்முறையீட்டுக்குக் குறைந்தது 90 நாள் அவகாசம் தரவேண்டும். அங்கும் கிடைக்காவிட்டால் நீதிமன்றம். மறைக்காத மூலத்தை வரவழைத்து, நீதிபதி தம் அறையில் தனியாகப் படித்துப் பார்க்கலாம்.