டிஸ்க் அப்புறம் போடலாம்ங்க, மொதல்ல அந்த ரப்பர் ஹோஸை கழட்டி பாருங்க

போன மாசம் பட்டறைக்கு ஒரு பத்மினி, அந்த பழைய பிரீமியர் கார், வந்துச்சுங்க. பெயின்ட் கண்ணாடி மாதிரி, சீட்டு புதுசு, குரோம் எல்லாம் பளபளன்னு, முன்னாடி டிரம் பிரேக்கை எடுத்துட்டு டிஸ்க் பிரேக் வேற வெளியில ஒரு எடத்துல மாத்திருக்காங்க. வண்டிக்கார தம்பி சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், "அண்ணா, பதினஞ்சு கிலோமீட்டர் ஓட்டினா முன் வீல் ரெண்டும் கொதிக்குதுங்க, யாரோ பின்னாடி புடிச்சு இழுக்கற மாதிரியே ஓடுது."

ஜாக்கி போட்டு தூக்கி வீலை கையில சுத்தினேன், சுத்தல. காலிப்பர்ல, அதாவது டிஸ்க்கை ரெண்டு பக்கமும் அழுத்தி புடிக்கற பாகத்துல, ஏர் எடுக்கற நிப்பிளை அரை சுத்து லூஸ் பண்ணினேன், ஆயில் பீச்சி அடிச்சுது, வீல் ஃப்ரீ ஆயிருச்சு. அப்ப பெடல்ல கால் வெக்காமயே லைன்ல பிரஷர் நிக்குதுன்னு அர்த்தம். நிப்பிளை டைட் பண்ணி, ரெண்டு தடவை மிதிச்சு விட்டு, இந்த தடவை, பெடலை மிதிச்சா ஆயிலை தள்ளற மாஸ்டர் சிலிண்டர்கிட்ட இருக்கற பைப் நட்டை லூஸ் பண்ணினேன், அங்கயும் ஃப்ரீ ஆச்சு. வீலுக்கு போற ரப்பர் ஹோஸ் அடைச்சிருந்தா இங்க லூஸ் பண்ணி ஃப்ரீ ஆகாது, அப்ப ஹோஸ் அடைக்கல, மாஸ்டர்லயேதான் சிக்கல். கழட்டி பாத்தா டிரம்முக்குன்னு செஞ்ச பழைய மாஸ்டர் சிலிண்டர், அதையே டிஸ்க்குக்கு குடுத்துட்டாங்க.

இதுல என்னன்னா, டிரம் பிரேக்குக்கு செஞ்ச மாஸ்டர் நிறையதுல ஆயில் வெளிய போற வாய்கிட்ட ஒரு சின்ன வால்வு இருக்கும், கால் எடுத்த பின்னாடியும் லைன்ல சுமாரா 10 பி.எஸ்.ஐ. பிரஷரை புடிச்சு வெச்சுக்கும். டிரம்முக்கு அது வேணும், வீல் சிலிண்டர் வாஷர் உதடு விரிஞ்சே இருந்தாதான் காத்து உள்ள வராது. டிரம்முக்குள்ள உரசற ஷூவை இழுத்து திருப்பி வெக்க ஸ்பிரிங் இருக்கு, அதனால உரசாது. டிஸ்க்ல அந்த ஸ்பிரிங் ஏதுங்க? அந்த 10 பி.எஸ்.ஐ. பேடை டிஸ்க்கோட ஒட்டவெச்சே ஓட்டும், சூடு ஏற ஏற ஆயில் விரியும், இன்னும் புடிக்கும். தம்பி செலவு பண்ணினது பிரேக்கை நல்லாக்கத்தான், ஆனா கெடைச்சது பழைய டிரம்மை விட மோசமான பிரேக்.

நான் சொல்ல வர்றது இதுதான்: டிஸ்க்குங்கறது ஒரு பார்ட் இல்லைங்க, ஒரு செட்டு. டிரம்ல முன்ஷூ இருக்கே, வீல் சுத்தற வேகமே அதை டிரம்முக்குள்ள இழுத்து இன்னும் அழுத்தும், பாதி வேலையை வண்டியே பண்ணிக்கும். டிஸ்க்ல அது கெடையாது, மொத்தமும் உங்க கால் பலம்தான், அதனாலதான் மிதிக்கற பலத்தை கூட்டற பூஸ்டர் வேணும்கறது. பூஸ்டருக்கு வேக்குவம், அதாவது காத்தை உறிஞ்சற இழுப்பு, வேணும். பெட்ரோல் வண்டின்னா இன்ஜினுக்குள்ள காத்து போற இன்டேக் மேனிஃபோல்டுலயே எடுத்துக்கலாம். ஆனா நம்மூர்ல அம்பாசடர், பத்மினி நிறைய டீசல் இன்ஜின் வண்டிதான், டீசல் மேனிஃபோல்டுல அந்த வேக்குவம் கெடைக்காது, தனி பம்ப் வேணும். அது இல்லாம பூஸ்டரை மாட்டி "பெடல் கல்லு மாதிரி இருக்குதுங்க"ன்னு வந்தவங்க இந்த வருசமே ரெண்டு பேரு.

மாஸ்டரோட போர் சைஸும், அதாவது உள்விட்டமும், அப்படித்தான். "பெருசா போட்டா நல்லா புடிக்கும்"னு 3/4 இன்ச்சை எடுத்துட்டு 7/8 போட்டா பரப்பளவு 36 சதவீதம் கூடும், அதே மிதிக்கு பிரஷர் கால்வாசிக்கு மேல குறையும். பெடல் மேல நிக்கும், கெட்டியா இருக்கும், மனசுக்கு நல்லா தெரியும், ஆனா வண்டி நிக்காது. ரொம்ப சின்னதா போட்டாலும் வம்பு, பெடல் தரைக்கு போயிரும். அம்பாசடர்ல பிந்தைய மாடல்கள்ல முன்னாடி டிஸ்க்கும் பூஸ்டரும் கம்பெனியே குடுத்தாங்க, பழைய அம்பிக்கு டிஸ்க் வேணும்னா அந்த மாதிரி ஒரே வண்டியிலருந்து முன் வீல் மாட்டற ஸ்டப் ஆக்ஸில், காலிப்பர், பூஸ்டர், மாஸ்டர் எல்லாத்தையும் மொத்தமா எடுங்க. ஒண்ணு இங்க ஒண்ணு அங்கன்னு பொறுக்காதீங்க.

சரி, டிரம்மே வெச்சுக்கிட்டா மலை இறங்க முடியாதான்னு கேப்பீங்க. ஊட்டி சுமார் 2240 மீட்டர், மேட்டுப்பாளையம் 320 சொச்சம். நாலு பேரோட ஒரு அம்பாசடர் 1400 கிலோன்னு வெச்சா, அது கீழ வர்றதுக்குள்ள எங்கயாவது போயே ஆகணும்கற சக்தி கரண்ட் கணக்குல 7 யூனிட்டுக்கு மேல. வீட்டு இஸ்திரி பெட்டியை ஏழு மணி நேரம் போட்டே வெச்ச மாதிரி. அதுல எவ்வளவு இன்ஜின் திங்குது எவ்வளவு டிரம் திங்குதுன்னு முடிவு பண்றது உங்க கியர். செகண்ட்ல இறங்கினா டிரம் தாங்கும், பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டா வழியில இருக்கற பர்லியாறு வர்றதுக்குள்ள ஷூ மேல ஒட்டியிருக்கற லைனிங் கருகற வாசனை வந்துரும், பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. பூஸ்டர் வண்டியில இன்ஜினையே ஆஃப் பண்ணிட்டு இறங்கறவங்களும் இருக்காங்க, ரெண்டு மூணு மிதில வேக்குவம் காலி, அதுக்கப்புறம் சாமிதான்.

இதுக்கெல்லாம் முன்னாடி பாக்க வேண்டியது நூறு எரநூறு ரூபாய் சமாச்சாரங்க. என் மேசை மேல ஒரு பழைய பிரேக் ஹோஸை நீளவாக்குல கிழிச்சு வெச்சிருக்கேன், வர்றவங்களுக்கு காட்டறதுக்கே. வெளியில பாத்தா ஒரு வெடிப்பு இல்லை, உள்ள ரப்பர் ஊதி ஓட்டையில குண்டூசி கூட போகாது. மிதிக்கற பலத்துல ஆயில் எப்படியோ முட்டிக்கிட்டு உள்ள போயிருது, திரும்பி வர்றதுக்கு ஷூ ஸ்பிரிங்கோட பலம் மட்டும்தான, வர முடியாது. ஒரு பக்கம் புடிச்சுக்கும், வண்டி இழுக்கும், நாம அலைன்மென்ட் கடைக்கு ஓடுவோம்.

பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். டாட் 3-ங்கற ரக ஆயில் புதுசுல 205 டிகிரில கொதிக்கணும், ஈரம் ஏறின ஆயில் 140-லயே கொதிக்கலாம், கொதிச்சா லைன்ல ஆவி, பெடல் பஞ்சு. டாட் 4 இன்னும் கொஞ்சம் தாங்கும், 230-ம் 155-ம். மலை ஏறி எறங்கற வண்டின்னா அது போதும், ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்துங்க. டாட் 5 சிலிக்கான், அதை இதுகூட கலக்கவே கூடாது. இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ தெரியாம ஊத்திட்டீங்கன்னா வாஷர் எல்லாம் ஊதி போயிரும், எல்லாத்தையும் மாத்தறதை தவிர வேற வழியே இல்லை. இன்னொண்ணு, பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், டிரம்மை கழட்டினதும் கம்ப்ரஸர்ல காத்தடிக்கற பழக்கத்தை விடுங்க, ஈரத்துணில தொடைங்க. நானே முப்பது வருசமா அடிச்சவன்தான், இப்பதான் விட்டேன்.

சஸ்பென்ஷன்ல ஆசை வேற மாதிரி, எல்லாருக்கும் வண்டி தாழ்வா நிக்கணும். பத்மினில முன்னாடி காயில் ஸ்பிரிங், ரெண்டு சுத்து வெட்டிட்டா தாழ்ந்துரும்தான், ஆனா சுத்து குறைஞ்சா ஸ்பிரிங் இன்னும் கெட்டியாகும், மோதாம தடுக்கற பம்ப் ஸ்டாப் ரப்பருக்கு எடமும் இருக்காது, குழியில விழுந்தா தலை கூரையில. கேஸ் வெச்சு சூடு காட்டி தாழ்த்தறது அதைவிட பாவம், ஸ்பிரிங்கோட பதமே போயிரும். அம்பாசடர் முன்னாடி டார்ஷன் பார், காயில் ஸ்பிரிங்குக்கு பதிலா முறுக்கி குடுக்கற நீள கம்பி. அதை இடது வலது மாத்தி போட்டீங்கன்னா எதிர்ப்பக்கம் முறுக்கி ஒருநாள் நடுரோட்டுல ஒடிஞ்சு போகும், அதனால கழட்டும்போதே பெயின்ட்ல குறி போட்டுருங்க. டாக்ஸியா ஓடின அம்பிகள்ல பின்னாடி வில்லுல எக்ஸ்ட்ரா பட்டை சொருகி இருப்பாங்க, லோடு இல்லாம ஓட்டறப்ப பின்பக்கம் துள்ளும், சடன் பிரேக் போட்டா பின் வீல் மொதல்ல லாக் ஆகி வண்டி சுத்திக்கும். அதுக்கு பிரேக்கை குத்தம் சொல்லி டிஸ்க் கேக்கறாங்க, அந்த பட்டையை உருவினாலே பாதி சரியாகும்.

நம்ம மெட்ராஸ்ல செஞ்ச ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வெச்சிருக்கறவங்களுக்கு தனியா ஒண்ணு. முன் வீலுக்கு அடியில, வீல் திரும்பறதுக்கான பித்தளை ட்ரன்னியன் இருக்கும், நிப்பிளை பாத்ததும் பசங்க கிரீஸ் கன்னை வெச்சு அமுக்கிருவாங்க. அதுக்கு கிரீஸ் இல்லைங்க, 90-ம் நம்பர் கியர் ஆயில். கிரீஸ் மரைக்குள்ள எறங்காம மேலயே நிக்கும், தண்ணி பூந்து உள்ள துரு தின்னும், ஒருநாள் திருப்பறப்ப உடைஞ்சு வீல் மடங்கிரும். பின்னாடி அதுக்கு ஸ்விங் ஆக்ஸில், ஒவ்வொரு வீலும் தன் ஆக்ஸிலோட தனியா மேலயும் கீழயும் ஆடற ரகம். புது வில்லு போட்டு பின்பக்கம் தூக்கலா நின்னா வளைவுல ஆக்ஸிலேட்டரை படக்குன்னு விடறப்ப வீல் உள்ள மடங்கும், அதனால உசரத்தை கம்பெனி அளவுக்கே வெச்சுக்கங்க. 1972-ல வந்த ஸ்டாண்டர்ட் கேஸல்ங்கற கார்ல அந்த ஸ்விங் ஆக்ஸிலையே எடுத்துட்டு சாதா ஆக்ஸில் குடுத்தாங்க.

பேப்பர் பக்கமும் ஒரு கண்ணு வைங்க. 50 வருசம் தாண்டின வண்டிக்கு 2021-லருந்து வி.ஏ. சீரிஸ்ல விண்டேஜ் பதிவு இருக்கு, அதுக்கு வண்டி ஒரிஜினலா இருக்கணும், சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் ஆகாது. டிஸ்க்குக்காக சேசிஸ்ல வெல்டிங் அடிக்கறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுருங்க. கழட்டின ஒரிஜினல் டிரம், ஹப் எதையும் காயலான் கடைக்கு போடாதீங்க.

டயரை சொல்ல மறந்துட்டேன் பாருங்க. சைடுல நாலு நம்பர் இருக்கும், 2316-ன்னா 2016-ல 23-வது வாரம் செஞ்சது. பட்டன் தேயாம எவ்வளவு இருந்தாலும் சரி, பத்து வருசத்து டயர்ல எந்த டிஸ்க்கும் வேலை செய்யாது.

அந்த பத்மினிக்கு டிஸ்க்குக்கு பொருந்தற மாஸ்டரும் பூஸ்டரும் போட்டு, பின் டிரம்மை லேத்ல குடுத்து புது லைனிங் ஒட்டி, பின் வீல் முந்தி லாக் ஆகாம இருக்க வால்வு வெச்சு செட் பண்ணினோம். ஊட்டிக்கு எடுத்துட்டு போறேன்னு நின்னாரு தம்பி, நான் விடல. மொதல்ல மருதமலை மேல ஏறி ரெண்டாவது கியர்ல எறங்கினோம், அடிவாரத்துல நிறுத்தி நாலு வீல்கிட்டயும் புறங்கையை கொண்டு போய் பாத்தோம். முன்னாடி ரெண்டும் ஒரே சூடு, பின்னாடி ரெண்டும் ஒரே சூடு. அப்பறம்தான் சாவியை குடுத்தேன்.