தியேட்டர் எல்லாம் திரையரங்கு அல்ல

எழும்பூரில் நடக்கவிருந்த ஒரு மேடை நாடகத்தின் அறிவிப்பில், இடம் ‘அருங்காட்சியகத் திரையரங்கு’ என்று போட்டிருந்தது. மியூசியம் தியேட்டரைத்தான் அப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். இந்தத் தவறு அந்த ஓர் அறிவிப்போடு நிற்பதில்லை. ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடந்த லண்டன் குளோப் தியேட்டர் செய்திகளில் ‘குளோப் திரையரங்கம்’ ஆகிறது. ஏதென்ஸ் மலைச்சரிவில் கல்லிருக்கைகள் அடுக்கிய திறந்தவெளி, ‘பண்டைய கிரேக்கத் திரையரங்கம்’ ஆகிறது. படிக்கிற பிள்ளைகள் மனத்தில் என்ன படம் விழும் என்று எழுதுகிறவர்கள் ஒரு நிமிடமாவது யோசிக்க வேண்டும்.

மியூசியம் தியேட்டர் கட்டப்பட்டது 1896-இல். பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு முதன்முதலாகப் படம் காட்டியது 1895 டிசம்பர் கடைசியில். பம்பாய்க்கு அது வந்தது 1896 ஜூலையில். எழும்பூர்க் கட்டடத்துக்குக் கல் அடுக்கியவர்கள் கனவில்கூடச் சினிமா வந்திருக்காது. அரைவட்டமாகப் படிப்படியாக உயரும் இருக்கைகள், எதிரே மேடை. முழுக்க முழுக்க நாடகத்துக்கென்றே கட்டிய இடம் அது.

சொல்லின் பிறப்பு எளிது. கிரேக்கத்தில் ‘தியேட்ரோன்’ என்றால் பார்க்கும் இடம். முதலில் அது மேடையைக் குறிக்கவில்லை, பார்ப்பவர்கள் உட்கார்ந்த சரிவைக் குறித்தது. ஆடிப் பாடிய வட்டத்துக்கு ‘ஆர்க்கெஸ்ட்ரா’, பின்னாலிருந்த கூடாரத்துக்கு ‘ஸ்கேனே’. ‘சீன்’ பிறந்தது அங்கேதான். ‘தியேட்டர்’ என்ற சொல் லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1576-இல் லண்டன் ஷோர்டிச்சில் ஜேம்ஸ் பர்பேஜ் கட்டிய நாடகக் கொட்டகைக்குப் பெயரே ‘தி தியேட்டர்’தான். அதைப் பிரித்த மரத்தைக் கொண்டுதான் 1599-இல் குளோப் எழுந்தது.

நம்மூரில் குழப்பம் தொடங்கியது 1910-களில். சென்னையில் சினிமாவுக்கென்று கொட்டகை எழுந்தபோது அதற்குத் தனிப் பெயர் இல்லை. மவுண்ட் ரோட்டில் எழுந்த படக் கொட்டகைக்கு ‘எலெக்ட்ரிக் தியேட்டர்’ என்று பெயர் வைத்தார்கள் (இன்று அது தபால்தலைச் சேகரிப்பு நிலையமாக அஞ்சலகத்தோடு இருக்கிறது). நாடகக்காரர்களின் பெயரை எடுத்து மாட்டிக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். அப்போதும் வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடை தியேட்டரில் நாடகக் கம்பெனிகள் விளக்கேற்றி ஆடிக்கொண்டுதான் இருந்தன. அங்கே போனவர்கள் ‘தியேட்டருக்குப் போகிறேன்’ என்றால் நாடகம் என்றே பொருள். போகப்போகச் சினிமா ஊரை வளைத்துப்போட்டது, சொல்லும் அதன் பக்கம் சாய்ந்தது. பேச்சில் தியேட்டர் என்றால் சினிமா மட்டும்தான் என்று ஆகிவிட்டது. அதற்கு ‘திரையரங்கு’ என்று பெயர் வைத்தது மிகச் சரியான வேலை. திரை இருக்கிறது, அரங்கு இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு போய்த் திரையே இல்லாத இடத்தில் ஒட்டுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இதற்கு ஒரு வாதம் சொல்வார்கள். ‘திரை என்றால் படுதாவும்தானே? நாடக மேடையிலும் படுதா உண்டு. அப்படியானால் திரையரங்கு நாடகத்துக்கும் பொருந்தும்.’ கேட்பதற்குச் சாமர்த்தியமாக இருக்கும், நிற்காது. படுதா எல்லா நாடக மரபுக்கும் பொதுவானதல்ல. கிரேக்கர்களின் திறந்தவெளியை மூட முன்திரை கிடையாது. குளோப் மேடையிலும் முன்னால் இறங்கும் திரை இல்லை. நம் தெருக்கூத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க, பின்னால் கட்டியங்காரனோ ராஜாவோ ஆடிக்கொண்டு வெளிப்படுவார். வேடம் தெரிந்ததும் திரை போய்விடும், கூத்து விடிய விடிய நடக்கும். மட்டக்களப்புக் கூத்து நடக்கும் வட்டமான ஆடுகளமான வட்டக்களரியில் நாலு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், திரையை எந்தப் பக்கம் கட்டுவது? திரையை வைத்து அரங்குக்குப் பெயரிட்டால் பாதி அரங்கு வெளியே நிற்கும்.

அதைவிடப் பெரிய காரணம், திரை என்ற சொல் இன்று முழுசாகச் சினிமாவின் சொத்து. திரைப்படம், திரைக்கதை, திரைத்துறை, சின்னத்திரை என்று எங்கு தொட்டாலும் அதே பொருள். பழைய அகராதிப் பொருளைக் காட்டி இன்றைய வாசகனிடம் வழக்காட முடியாது. மேடைத் திரைக்குத் தமிழில் பழைய சொல்லே தனியாக இருக்கிறது: எழினி.

எழினி என்றதும் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைத் திறக்காமல் இருக்க முடியாது. மாதவி ஆடிய அரங்கை இளங்கோ அளந்தே காட்டுகிறார். இருபத்துநான்கு விரல் கொண்டது ஒரு கோல். அந்தக் கோலால் ‘எழுகோல் அகலத்து எண்கோல் நீளத்து ஒருகோல் உயரத்து’ அமைந்தது அரங்கு. மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவே நான்கு கோல். உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று என வாயில் இரண்டு. தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கை வைக்கச் சொல்கிறார். இன்று மேடைக்கு விளக்கு அமைக்கிறவர்கள் மெனக்கெடுகிற அதே சங்கதி. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று வகைத் திரை: ஒரு பக்கமிருந்து வருவது, இரு பக்கமிருந்தும் வந்து சேர்வது, மேலிருந்து இறங்குவது. இத்தனை நுணுக்கமும் ‘அரங்கு’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்குகிறது. இதற்கு முன்னால் ‘திரை’ என்று ஓர் ஒட்டு எதற்கு?

அரங்கம் வடமொழி ‘ரங்க’த்திலிருந்து வந்தது என்று சொல்லிச் சிலர் அதையும் தள்ளுவார்கள். வள்ளுவரும் இளங்கோவும் கையாண்ட சொல்லை நாம் ஏன் வாசலில் நிறுத்திப் பிறப்புச் சான்றிதழ் கேட்க வேண்டும்? எனக்குத் தனித்தமிழில் பற்று உண்டு. ஆனால் தெளிவைக் கெடுக்கும் தனித்தமிழ் தமிழுக்கு உதவாது.

இன்னொரு சொல்லையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். ஆடிட்டோரியத்துக்குக் ‘கேட்போர் கூடம்’ என்று இலங்கையில் அரசு அறிவிப்புகள் முதல் பள்ளிப் பெயர்ப்பலகை வரை எழுதுகிறார்கள். லத்தீனில் அந்தச் சொல்லுக்குக் கேட்கும் இடம் என்று பொருள். அதை அப்படியே பெயர்த்து வைத்தாயிற்று. ஆனால் பரதநாட்டியத்துக்குப் போகிறவர் கேட்கவா போகிறார்? வேர்ச்சொல்லைப் பெயர்ப்பது மொழிபெயர்ப்பு ஆகாது, அந்தச் சொல் இன்று செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். கூத்துப் பார்க்கக் கூடுகிறவர்களுக்கு வள்ளுவரிடமே சொல் இருக்கிறது: ‘கூத்தாட்டு அவைக்குழாத் தற்றே பெருஞ்செல்வம்’. கூத்து பார்க்கத் திரளும் கூட்டம் போலச் செல்வம் வரும், கூத்து முடிந்து கலைவது போலப் போகும் என்கிறார். அவை என்றால் அங்கே பார்ப்பதும் கேட்பதும் ஒன்றாக வந்துவிடுகிறது. ஆடுமிடம் மேடை, மக்கள் அமரும் பகுதி அவை, எல்லாம் சேர்ந்த கட்டடம் அரங்கு. மூன்று சொல் போதும்.

அதே இலங்கையில் பள்ளிப் பாடத்துக்கு ‘நாடகமும் அரங்கியலும்’ என்று பெயர். தியேட்டர் என்பதைக் கட்டடமாக மட்டும் பார்க்காமல் கலையாகவும் பார்த்து வைத்த அருமையான பெயர் அது. தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளர்கள் இதை எடுத்துக்கொள்ளத் தயங்கக் காரணமே இல்லை.

சென்னைக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. பாலர் அரங்கம் கலைவாணர் அரங்கம் ஆனபோது யாரும் அதைத் திரையரங்கு ஆக்கவில்லை. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் கேரளப் பாணியில் கட்டிய அரங்குக்குக் ‘கூத்தம்பலம்’ என்றுதான் பெயர். கூத்து, அம்பலம் இரண்டும் நம் சொற்களே, மலையாளம் பத்திரமாக வைத்திருக்கிறது. மார்கழியில் ‘எந்த சபாவில் கச்சேரி’ என்று கேட்கிறோம். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபாவைத் தொடங்கியபோது சபா என்பது ஆட்கள் சேர்ந்த சங்கம். பிறகு அந்தச் சங்கங்கள் கட்டிய கட்டடத்துக்கே அது பெயராகிவிட்டது. பேசும் மக்கள் சபாவையும் தியேட்டரையும் ஒருநாளும் குழப்பிக்கொள்வதில்லை. எழுதுகிறவர்கள்தான் குழப்புகிறார்கள்.

காரணம் சோம்பல். அகராதியில் முதல் வரியில் இருப்பதை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். கணினி மொழிபெயர்ப்பு வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம்: தவறாக எழுதியதைக் கணினி கற்கிறது, கணினி எழுதியதை மறுபடி நாம் நகல் எடுக்கிறோம். ஆஸ்பத்திரிக்காரர்கள் இந்தத் தவறைச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆபரேஷன் தியேட்டர் ‘அறுவை அரங்கு’ ஆனது. அக்காலத்தில் மாணவர்கள் அடுக்கிருக்கைகளில் நின்று அறுவையைப் பார்த்ததால் வந்த பெயர் அது. லண்டனில் 1822-ஆம் ஆண்டு அறுவை அரங்கு ஒன்று இன்றும் காட்சிக்கு இருக்கிறது. மருத்துவத்துக்குச் சரியாக வந்த சொல் நாடகத்துக்கு வராதா?

ஆகவே எழுதும்போது இப்படி வைத்துக்கொள்ளலாம். சினிமாவுக்குத் திரையரங்கு. நாடகத்துக்கு நாடக அரங்கு, அல்லது வெறும் அரங்கு. பழைய லண்டன் கதைக்கு நாடகக் கொட்டகை இன்னும் பொருத்தம், ஏனென்றால் குளோப் கூரை வேய்ந்த மரக் கொட்டகைதான். ஆட்டம், பாட்டு, நாடகம் எல்லாம் நடக்கும் இடத்துக்குக் கலையரங்கம். அறிவிப்பில் ஊரறிந்த பெயர் இருந்தால் ‘மியூசியம் தியேட்டர்’ என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிடுங்கள்; ஆட்டோக்காரருக்கும் அதுதான் தெரியும்.