பொழுதுபோக்குப் பைலட் லைசென்ஸ்: ஏஜென்டிடம் பணம் கட்டும் முன்

தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்துத் தெருப் பையன் அமெரிக்கா போய் பைலட் லைசென்ஸோடு வந்தான், இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவன் அப்பா ஹார்பரில் உழைத்துச் சேர்த்த பணம் எல்லாம் அதில் போனது. ஏஜென்ட் வாங்கிக் கொடுத்தது பிபிஎல், அதாவது சொந்தப் பொழுதுபோக்குக்கான பிரைவேட் பைலட் லைசென்ஸ். ஆசைக்கு ஓட்டலாம், அதை வைத்து ஒரு ரூபாய் சம்பளம் வாங்கக் கூடாது. வேலைக்கு சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அவன் போனபோது இருந்த விதிப்படி பிளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் கேட்டார்கள். இவன் காமர்ஸ்.

பிபிஎல்லுக்கு இங்கேயும் அமெரிக்காவிலும் 17 வயது, 40 மணி நேரம், பிரிட்டனில் 45 மணி நேரம். (அது குறைந்தபட்சம்தான், பலருக்கு 60 தாண்டும், பில்லும் கூடவே ஏறும்.) அமெரிக்காவில் ஸ்போர்ட் பைலட் என்று 20 மணி நேரத்தில் ஒன்று உண்டு, மெடிக்கலுக்குப் பதில் அங்கத்திய டிரைவிங் லைசென்ஸே போதும். அங்கே கட்டுப்பாட்டு டவர் இல்லாத சின்ன ஏர்ஃபீல்டில் வானிலை பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம். இங்கே ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போக ஃபிளைட் பிளான் கொடுத்து, ஏடிசி நம்பர் (வான் பாதுகாப்பு அனுமதி), எஃப்ஐசி நம்பர் (விமானத் தகவல் மையம் தருவது) வாங்க வேண்டும், அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து. வெளிநாட்டு லைசென்ஸை டிஜிசிஏ (நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தேர்வு எழுதி மாற்றாமல் நம் விமானத்தைத் தொட முடியாது.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இனிஷியலில். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'முருகன் கே', பாஸ்போர்ட்டில் 'முருகன் காளியப்பன்' என்றால் டிஜிசிஏ தேர்வுக்கான பதிவு எண்ணான கம்ப்யூட்டர் நம்பர் வாங்கும்போதே இழுக்கும். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். மார்க் ஷீட்டுக்கு உண்மைத்தன்மைச் சான்றும் கேட்பார்கள். அதற்கு அந்தப் பையனை ஒரு ஆபீசில் 'ஸ்கூல் லெட்டர் கொண்டு வா' என்றார்கள், ஸ்கூலில் 'ஆபீஸ் கேட்டால்தான் கொடுப்போம்' என்றார்கள். ஐந்து முறை பஸ் ஏறினான். கடைசியில் யாரோ ஒரு கிளார்க், 'எந்த லெட்டரும் வேண்டாமே' என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

மெடிக்கல் கிளாஸ் 2 என்ற உடல்தகுதிச் சோதனை டிஜிசிஏ பட்டியலில் உள்ள டாக்டரிடம் எடுத்தால் மட்டும்தான் செல்லும், தெருமுனை கண் டாக்டர் சீட்டு குப்பைக்குத்தான். ஃபீஸ் கட்டும் முன்பே இதை முடியுங்கள், கண்ணில் நிறக்குறை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். டூரிஸ்ட் விசாவில் அமெரிக்கா போய்ப் படித்து லைசென்ஸ் வாங்கலாம் என்று ஒருவன் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், அதற்கு எம்-1 போன்ற மாணவர் விசா வேண்டும். ரசீதில் பிபிஎல்லா சிபிஎல்லா என்று எழுதி வாங்குங்கள். வெறும் 'பைலட் கோர்ஸ்' என்று எழுதிக் கொடுத்தால் கட்டாதீர்கள்.