15 நாளை எப்படி எண்ணுகிறார்கள்?

போன வாரம் இன்னொருவரை அழைத்து வந்தார்கள். சிறையிலிருந்து வெளியே வந்து 4 மாதம் ஆகிறது, இன்னும் கதவைத் தானாகத் திறப்பதில்லை, யாராவது திறந்துவிடும்வரை அதன் முன்னால் நிற்கிறார். உள்ளே 67 நாள் தனிச் செல்லில் இருந்திருக்கிறார். கூட வந்த அண்ணன் சொன்னார்: “அடி உதை எதுவும் இல்ல டாக்டர், தனி ரூம்தான் குடுத்திருந்தாங்க. கூட்டத்துல கிடக்கறதுக்கு அது மேல்னு நாங்களே நினைச்சோம்.”

கைதிகளுக்கு மனநல சிகிச்சை தரும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அது தனி ரூம் இல்லைங்க. தனி ரூமில் இருப்பவர் வேண்டும்போது வெளியே வரலாம், விளக்கை அணைக்கலாம், யாரையாவது கூப்பிடலாம். இங்கே விளக்குகூட அடுத்தவர் கையில். தட்டை உள்ளே தள்ளும் கையைத் தவிர, நாள் முழுக்க ஒரு மனிதர் கண்ணில் படாமலே போகலாம். தூக்கம் போகும், பகலா இரவா என்று குழம்பும், சிலருக்கு இல்லாத குரல் கேட்கத் தொடங்கும். தாங்காமல் கதவைத் தட்டிக் கத்தினால் அதுவே ஒழுங்கீனம் என்று இன்னும் சில நாள் கூடும். நியூயார்க் நகரச் சிறைகள் பற்றி 2014இல் வந்த ஆய்வு ஒன்று: தனிமையில் வைக்கப்பட்டவர்கள் சுமார் 7 சதவீதம்தான், ஆனால் கைதிகள் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்ட சம்பவங்களில் பாதிக்கு மேல் அவர்களுடையவை.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. 2015இல் ஏற்ற மண்டேலா விதிகளின்படி, அர்த்தமுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் நாளுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ அடைத்து வைத்தால் அது தனிமைச் சிறை. தொடர்ந்து 15 நாளைத் தாண்டவே கூடாது. செல்லுக்கு என்ன பெயர் என்று அந்த வரையறை பார்ப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு நாடும் இதைத் தன் சட்டத்தில் எழுதினால்தான் கைதி நீதிமன்றத்தில் உரிமையாகக் கேட்க முடியும்.

எழுதும்போது ஓட்டை விடாமல் எழுத வேண்டும். நான் சொன்னவரின் காகிதத்தில் ‘பாதுகாப்புப் பிரிவு’ என்றுதான் இருக்கிறது. 14ஆம் நாள் இரவு பொது பிளாக்குக்கு மாற்றி, காலையில் பழைய செல்லுக்கே கொண்டு போயிருக்கிறார்கள். எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. நியூயார்க் மாநிலம் 2021இல் கொண்டுவந்த சட்டத்தில் தொடர்ந்து 15 நாள் என்பதோடு, 60 நாளில் மொத்தம் 20 நாள் என்றும் வரம்பு இருக்கிறது. எனக்கு அந்த இரண்டாவது எண்தான் முக்கியம்: ஒரு ராத்திரி இடம் மாற்றினாலும் மொத்தக் கணக்கு அழியாது. 21 வயது வரையுள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் தனிமையில் வைக்கவே அது தடை விதிக்கிறது.

ஆபத்தானவரை வேறு என்ன செய்வது என்கிறீர்களா? பிரித்து வையுங்கள், ஆள் முகமே பார்க்காமல் வைக்காதீர்கள். அதே சட்டப்படி, பிரித்து வைக்கும் மறுவாழ்வுப் பிரிவில்கூட நாளுக்கு 7 மணி நேரமாவது செல்லுக்கு வெளியே விட வேண்டும்.

சக மருத்துவர்களே, ‘தனிமையைத் தாங்கும் உடல்நிலை’ என்று கையெழுத்துப் போடாதீர்கள். தண்டனை தருவதில் நமக்குப் பங்கு கூடாது. தினமும் போய்ப் பார்ப்பதுதான் நம் வேலை.

அப்புறம், குடும்பத்தாருக்கு. மனு போட்டுச் சிறையில் அவரைப் பார்க்கப் போகும்போது எத்தனை மணி நேரம் வெளியே விடுகிறார்கள், கடைசியாக யாரோடு பேசினார் என்று கேளுங்கள், தேதியோடு குறித்து வக்கீலிடம் கொடுங்கள். விடுதலையாகி வந்தவர் கதவருகே நின்றால் அதட்டாதீர்கள், அது திமிர் இல்லை. உடனே சிகிச்சைக்கு அழைத்து வாருங்கள், 4 மாதம் காத்திருக்க வேண்டாம்.