பக்கத்தில் சுரங்க ரயில் நிலையம் தோண்டுகிறார்களா? சுவரைக் கவனியுங்கள்

நகரின் மையத்தில் சுரங்க ரயில் நிலையம் கட்டும்போது தூசி, இரைச்சல், வழியடைப்பு பற்றித்தான் புகார்கள் வரும். நியாயமான புகார்கள்தான். ஆனால் தோண்டும் குழிகளைக் கண்காணிக்கும் பொறியாளராக நான் அஞ்சுவது தண்ணீருக்கும், நகரும் மண்ணுக்கும்.

வரப்போவது இலகு ரயில் (டிராம் போன்ற சிறிய நகர ரயில்) என்றால், குழியும் சிறியதாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்கம்பி எல்லாவற்றுக்கும் கீழே டிக்கெட் தளமும் நடைமேடையும் அமைய வேண்டும். 15, 20 மீட்டர் ஆழம் எளிதாக வந்துவிடும். மேலிருந்து தோண்டும் முறையில், முதலில் குழியைச் சுற்றி டயாஃப்ரம் சுவர் எழுப்புவார்கள். பக்கங்கள் இடியாதபடி பென்டோனைட் என்ற களிமண் குழம்பு நிரப்பிய குறுகலான பள்ளத்தில் கம்பிக்கூட்டை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட் ஏற்றி, துண்டு துண்டாகக் கட்டும் சுவர் அது. பிறகு உள்ளே மண்ணை எடுக்க எடுக்க, சுவர் சாயாதபடி எஃகு முட்டுகள் கொடுப்பார்கள்.

அந்தச் சுவரில் ஒரு துண்டு பழுதானால் என்ன ஆகும்? ஜெர்மனியின் கொலோன் நகரில் இலகு ரயிலுக்கான சுரங்கப் பணி நடந்த இடத்தில், 2009 மார்ச் 3 அன்று நகர ஆவணக் காப்பகம் சரிந்தது. சுவரில் இருந்த இடைவெளி வழியே நீரும் மண்ணும் குழிக்குள் பாய்ந்து, கட்டடத்தின் அடிமண் காலியாகிவிட்டது. தொழிலாளர்கள் ஓடிவந்து எச்சரித்ததால் காப்பகத்தில் இருந்தவர்கள் தப்பினார்கள். பக்கத்து வீட்டில் இருந்த இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள்.

சிங்கப்பூரின் நிக்கல் நெடுஞ்சாலை விபத்து என்னை இன்னும் அதிகமாக உறுத்துகிறது. அது மெட்ரோ பணி. 2004 ஏப்ரல் 20 அன்று முட்டுகளின் இணைப்புகள் உடைந்து நால்வர் இறந்தார்கள். சுவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வளைவதைக் கருவிகள் முன்பே காட்டின. வேலையை நிறுத்துவதற்குப் பதிலாக எச்சரிக்கை வரம்பை உயர்த்தினார்கள். அளவீடு வரம்பைத் தாண்டினால் குழியில் வேலை நிற்க வேண்டும். வரம்பைத் தள்ளிவைத்து வேலையைத் தொடர்வதை நான் எந்தத் தளத்திலும் ஏற்க மாட்டேன்.

அதனால் சுற்றியிருப்பவர்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. தோண்டத் தொடங்கும் முன்பே உங்கள் கட்டடத்தின் நிலையை ஆய்வு செய்து, அறிக்கையின் நகலைக் கையில் தரச் சொல்லுங்கள். இருக்கும் விரிசல்களை அளவுகோலை ஒட்டிவைத்து, தேதியுடன் நீங்களும் படமெடுங்கள். மென்மையான களிமண்ணில் குழியின் ஆழத்தைப்போல் இரண்டு, மூன்று மடங்கு தூரம்வரை தரை இறங்கலாம். 'நம் கடை தள்ளித்தானே இருக்கிறது' என்று விட்டுவிடாதீர்கள். நிலத்தடி நீர்மட்டம், சுவர் நகர்வு, தரை இறக்கம் ஆகியவற்றின் அளவீடுகள் யாருக்குப் போகின்றன, நள்ளிரவில் வேலையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் கூட்டங்களில் கேளுங்கள்.

1 மில்லிமீட்டருக்கு உட்பட்ட விரிசல் பெரும்பாலும் பூச்சு வேலையோடு சரியாகிவிடும். 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, நாளுக்கு நாள் அகன்றாலோ, கதவு திடீரென்று இறுகினாலோ அன்றே தெரிவியுங்கள். தரை சட்டென உள்வாங்கினால் முதலில் எல்லோரும் வெளியேறுங்கள், பிறகு போன் செய்யுங்கள்.

நிலையம் திறந்த பிறகும் களிமண் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கலாம். இழப்பீட்டுக் கணக்கை முடித்துக் கையெழுத்திடும் முன், இறக்கம் நின்றுவிட்டதற்கான அளவீட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.